கர்னல் பீஸ்லி எழுந்திருக்க முயன்றார்

மேடையில் வீற்றிருக்கும் கல்லூரித் தலைவர் கிரெய்டன் பூத் அவர்களே, அவர் அருகில் துக்கத்துக்காகக் கையில் கறுப்புப் பட்டை அணிந்திருக்கும் விளையாட்டுத் துறை இயக்குநர் வாரன் ஹஸ்கின்ஸ் அவர்களே, ஆல்டர்ஃபோர்ட் கல்லூரியின் ஆசிரியர்களே, மாணவர்களே! நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

நம் கல்லூரியின் சின்னமாக விளங்கிய புல்டாக் நாய், கர்னல் பீஸ்லி, மறைந்துவிட்டார். வயோதிகத்தால் அமைதியாகப் பிரிந்தார் என்கிறது உங்கள் அறிவிப்பு. ஆறு வயதில் என்ன வயோதிகம்?

கர்னலின் சேவையை யார் மறப்பார்? தேர்வுக் காலங்களில் நூலகத்துக்கு வந்து, பயந்துபோயிருக்கும் பிள்ளைகளின் கால்மேல் தலைவைத்துப் படுப்பார். பட்டமளிப்பு விழாவில் தலைவர் பூத் நேர்மையைப் பற்றிப் பேசியபோது, ஒலிவாங்கிக்கு அடியில் கிடந்து குறட்டை விட்டார். அன்று அந்த மேடையிலிருந்து மனமார வந்த ஒலி அது ஒன்றுதான். ஆண்டுதோறும் நம் கால்பந்து அணியின் முதல் ஆட்டத்துக்கு முன் காலைத் தூக்கி ஹஸ்கின்ஸின் காலணியை நனைப்பார். ஹஸ்கின்ஸ் கேமராவுக்குச் சிரிப்பார். கேமரா நகர்ந்ததும் என்ன செய்வார் என்பதைக் கண்டவர்கள் இங்கே இருக்கிறீர்கள்.

இனி அந்தச் சனிக்கிழமை ஆட்டத்துக்கு வருவோம். ஜார்ஜியாவின் செப்டம்பர் வெயில். தொலைக்காட்சிக்காரர்கள் வந்திருந்தார்கள் என்பதற்காகக் கர்னலுக்குக் கம்பளிச் சட்டை. நாம் பின்தங்கியிருந்தோம். தோற்றுக்கொண்டிருக்கும்போது கர்னல் மைதானத்தை விட்டு எழுந்து போகக் கூடாது என்பது நம் வழக்கம். போனால் தோல்வி உறுதியாம். பட்டம் வாங்கியவர்கள் நம்புகிற வழக்கம் இது!

கர்னலைத் தன் வீட்டில் வளர்த்தவர் வேதியியல் ஆசிரியை ரோஸ்லின் டிட்வெல். அவர் ஹஸ்கின்ஸிடம் போய்ச் சொன்னார்: "சார், நாக்கு நீலமாகுது. நிழலுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"ஸ்கோரைப் பாருங்க மேடம். இப்ப இவரு எந்திரிச்சா நாம தோத்தோம். அந்தச் சட்டையையும் கழட்டாதீங்க, டிவியில காட்டுறாங்க."

"நாய்க்கு என்ன சார் ஸ்கோர் தெரியும்?"

"உக்காந்திருக்கிற இத்தனை பேருக்கும் தெரியும்ல?"

கர்னல் எழுந்தார். ஹஸ்கின்ஸ் அவருடைய கழுத்துக் கயிற்றை மிதித்துக்கொண்டார், கர்னல் நனைத்த அதே காலணியால். நன்கொடையாளர்கள் வரிசையிலிருந்து ஒரு குரல்: "உக்காருங்க கர்னல், டியூட்டி இன்னும் முடியல." அந்த வரிசையே சிரித்தது. கர்னல் மறுபடியும் முயன்றார். முன்னங்கால்கள்தான் நிமிர்ந்தன.

கடைசி உதையில் நாம் வென்றோம். தொப்பிகள் வானத்தில் பறந்தன. டிட்வெல் மட்டும் புல்லில் மண்டியிட்டு, அசைவில்லாத உடம்பிலிருந்து ஈரக் கம்பளியை உரித்துக்கொண்டிருந்தார். ஹஸ்கின்ஸ் ஒலிபெருக்கியில் முழங்கினார்: "இந்த வெற்றி நம்ம கர்னலுக்கு." கேட்க அவர் இல்லை.

இது வயோதிகமா, ஹஸ்கின்ஸ்? இது அமைதியா, தலைவரே?

உங்கள் அழுகை முடிந்ததும் ஒரு கூடை வரப்போகிறது. அதில் ஒரு குட்டி, இரண்டாம் கர்னல் பீஸ்லி. வளர்க்க மாட்டேன் என்று டிட்வெல் மறுத்துவிட்டார். ஹஸ்கின்ஸின் அலுவலகம் குட்டிக்கும் கம்பளிச் சட்டை தைத்துவிட்டது. அளவு மட்டும் சிறியது.

ஆகவே, நண்பர்களே, கர்னலின் பணியை நாம் தொடர்வோம். அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். அவர் எழுந்திருக்க முயன்றார்; நாம் எழுந்திருப்போம். அந்தக் குட்டிக்கு மூச்சிரைத்து, அதன் கயிற்றின்மேல் ஒரு கால் விழும் நிமிடம், மைதானம் முழுவதும் எழுந்து வெளியேறட்டும். தோற்கும்போது நாய்தான் போகக் கூடாது, நாம் போகலாம். தொலைக்காட்சி காலி இருக்கைகளைக் காட்டட்டும், நடுவில் ஹஸ்கின்ஸைக் காட்டட்டும். அந்த முகத்தைப் பார்க்காமல் நான் ஓய்வு பெற மாட்டேன்.

இதை மேடையேறி வாசிக்கத்தான் எழுதினேன். வாசித்தால் என்ன சொல்வீர்கள் என்று தெரியும்: "அந்த ஆளுக்குப் பழைய கோபம், விடுங்க." பழைய கோபம் உண்மைதான். இந்தக் கல்லூரியில் ஹஸ்கின்ஸ்மேல் பழைய கோபம் இல்லாதவர் யார்? பெயர் போட்டால் அவர் என்னை மட்டும் மிதித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவார். போடாவிட்டால், எதிரில் வரும் ஒவ்வொரு முகத்தையும் பார்த்து இவனா, இவளா என்று யோசிக்க வேண்டும்.

யோசிக்கட்டும். இரங்கல் கூட்டத்துக்கு முன் இதைக் கல்லூரிச் சிற்றாலயக் கதவில் ஒட்டிவிடுகிறேன். கையெழுத்துப் போடவில்லை.