செருகாத ஊசி

எனக்குக் கையெழுத்துப் போட வரும். கைநாட்டுக்கு வைத்திருக்கிற அந்த மைப்பெட்டியை எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள். கையில் கிரீஸ் இருக்கிறவனுக்கு எழுத்து வராது என்று நினைக்கிற ஊர் இது. நான் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். கடைசியில் வாசித்துப் பார்த்து, பிழை இருந்தால் திருத்திக் கொடுக்கிறேன்.

பெயர் அய்யாக்கண்ணு. வயது நாற்பத்தாறு. டத்தோ கெராமட் சாலையில் மோட்டார்ப் பட்டறை வைத்திருக்கிறேன். பலகையில் தங்கராஜு என்ற பெயரும் இருக்கும். என் தங்கை நல்லம்மாளின் புருஷன். அவள் முகத்துக்காக எழுதிய பெயர் அது. அவனுக்கு ஸ்பானரைப் பிடிக்கத் தெரியும், எந்தப் பக்கம் திருப்புவது என்பதில்தான் சந்தேகம். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்று வருகிறவர்களிடம் சிரிப்பான். அதற்கும் ஒரு ஆள் வேண்டும்தான்.

அந்த லாரி ஜெர்மன் சண்டையில் ஓடியது. நாலு சக்கரமும் இழுக்கிற ரகம். ஜாதிக்காய் வியாபாரி அப்துல் காதர் அதை சிங்கப்பூர் ஏலத்தில் எடுத்துக் கப்பலில் கொண்டுவந்தார். தீவின் மறுபக்கம் பாலிக் புலாவ் ஊருக்கு மலைச் சாலையில் பாரம் ஏற்றிப் போக அவருக்கு அப்படி ஒன்று வேண்டியிருந்தது. ஊரில் இருந்த மற்ற மெக்கானிக்குகள் அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, பழைய இரும்புக்குப் போடச் சொன்னார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. போன வருஷம்வரை மாட்டுவண்டிக்கு அச்சு மாற்றியவர்கள்.

எனக்கு ஏழு மாதம் ஆனது. துருவில் ஒட்டிப்போன பிஸ்டன்களை மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பத்து நாள் காத்திருந்து, மரக்கட்டையால் தட்டி எடுத்தேன். பேரிங்குக்கு ஈயக் கலவை உருக்கி ஊற்றி, மை தடவி, உரசுகிற இடத்தை மட்டும் சுரண்டினேன். கியர்ச் சக்கரங்களில் மூன்றுக்குப் பல் போயிருந்தது. மரத்தில் மாதிரி செதுக்கி, சீனன் வார்ப்புப் பட்டறையில் வார்த்து, ஒவ்வொரு பல்லையும் நானே அரம் பிடித்தேன். எஞ்சின் முதல் சுற்றிலேயே ஓடத் தொடங்கியது. மேலே ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்தேன், சிந்தவில்லை. இதெல்லாம் உங்களுக்குப் புரியாது. இருந்தாலும் எழுதுங்கள்.

இதை மட்டும் புரிந்துகொள்ளுங்கள். அந்த லாரியில் பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது. வண்டியின் வயிற்றுக்கு அடியில் சுற்றும் தண்டைப் பிடிக்கும். தண்டு நின்றால் சக்கரம் நிற்கும். பின்பக்கத் தண்டு கழன்றுவிட்டால் முன்பக்கமும் பிடியை விட்டுவிடும், நடுவிலிருக்கும் கியர்ப் பெட்டியின் அமைப்பு அப்படி. அந்தத் தண்டை ஒரு பெரிய நட்டு பிடித்திருக்கிறது. நட்டு கழலாமலிருக்க அதன் குறுக்கே சுண்டுவிரல் நீளத்தில் ஒரு ஊசி.

கடைசி வாரம் நான் லாரிக்கு அடியில் படுத்து அந்த நட்டைத்தான் இறுக்கிக்கொண்டிருந்தேன். அப்துல் காதர் நாலைந்து வியாபாரிகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். எனக்கு அவர்களுடைய செருப்புகள் மட்டும் தெரிந்தன.

"நானே பிரிச்சு நானே கோத்தேன் முதலாளி. ஏழு மாசம், கண்ணுல தூக்கமில்ல" என்றான் தங்கராஜு.

"கெட்டிக்காரன்லா நீ. கீழே யாரு, கால் தெரியுது?"

"நம்ம மச்சான்தான். கைக்கு ஒத்தாசையா இருக்காரு."

அவர்கள் போகும்வரை படுத்தே இருந்தேன். எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். கொதித்தது. ஊசியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. வேலை செய்தவன்தான் முதல் பாரத்தோடு போகவேண்டும். புறப்படும் முன் விளக்கைப் பிடித்து அடியில் ஒருமுறை பார்க்கவேண்டும். வழக்கமாக நான் போவேன். இந்தத் தடவை, "நீங்க கோத்த வண்டி, நீங்களே ஓட்டிட்டுப் போங்க மாப்பிள்ளை" என்றேன். பல்லைக் காட்டினான். ஏற்றம் முழுதும் நட்டு தாங்கும், இறக்கத்தில் தாங்காது. அளவு பார்த்துத்தான் முழுதும் இறுக்காமல் விட்டிருந்தேன். குனிந்து ஒரு பார்வை பார்த்திருந்தால் வெறும் துளை அவன் கண்ணில் பட்டிருக்கும். சட்டை அழுக்காகிவிடும் என்று அவன் குனியவில்லை. அதற்கு நான் பொறுப்பாக முடியாது.

காலை ஏழு மணி. இருபது மூட்டை அரிசி ஏற்றியாகிவிட்டது. அப்போது நல்லம்மாள் தலையில் பூ வைத்துக்கொண்டு வந்து, அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். நான் எதிர்பார்க்கவில்லை.

"பாலிக் புலாவ் பாத்ததே இல்லண்ணே. போய்ட்டு வந்துடறேன்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இவுரு என்ன பேசினாலும், செஞ்சது யாருன்னு எனக்குத் தெரியும்ண்ணே. வண்டி நல்லா இருக்குதானே?" என்று கேட்டாள்.

ஊசி என் பையில்தான் இருந்தது. செருக இரண்டு நிமிஷம் போதும். ஆனால் அத்தனை பேர் நிற்கிறார்கள். அப்துல் காதர் நிற்கிறார். அய்யாக்கண்ணு ஊசி போடாமல் வண்டியை அனுப்பப் பார்த்தான் என்று ஊர் முழுதும் பேசும். தங்கராஜுவே அதைச் சொல்லிச் சிரிப்பான்.

"என் வேலையில் குறை இருக்குமாம்மா?" என்றேன்.

மலை உச்சியைத் தாண்டி மூன்றாவது திருப்பத்தில் லாரி பள்ளத்தில் போனது. இருவரும் அங்கேயே முடிந்தார்கள். எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று மீட்கப் போனவர்கள் சொன்னார்கள்.

மரண விசாரணையில் ஒரு துரை நட்டைப் பார்த்துவிட்டு, மெக்கானிக் ஊசி போட மறந்திருக்கிறான், விபத்து என்று எழுதிக் கோப்பை மூடினார். என்னை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அடியில் படுத்து நட்டை இறுக்கியவன் நான் என்பது அப்துல் காதருக்கு இப்போது ஞாபகம் வந்தது. என் தோளைத் தட்டி, "கூடப் பொறந்தவளயே ஏத்தி அனுப்பியிருக்கீங்க. வேணும்னேவா செய்வீங்க? மறந்துட்டீங்க, அவ்வளவுதான்" என்றார். காப்பிக் கடைக் கமால் காசு வாங்க மறுத்து, "மறதி எல்லாருக்கும் வர்றதுதான்லா அண்ணே" என்றான். மாட்டுவண்டிக்கு அச்சு மாற்றியவர்கள்கூட என்னைப் பார்த்து உச்சுக் கொட்டுகிறார்கள். மூன்று வாரம் பொறுத்தேன். மனுஷனால் இதைத் தாங்க முடியாது.

அதனால்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன். தூக்குத் தண்டனை என்று தெரியும், எனக்கு ஆட்சேபம் இல்லை. மறந்தேன் என்ற சொல்லை அந்தக் கோப்பில் அடித்துவிட்டு, வேண்டுமென்றே செருகவில்லை என்று எழுதுங்கள். நல்லம்மாள் இருந்திருந்தால் இதைக் கேட்டு நிம்மதி அடைந்திருப்பாள்.