வெயில் படக்கூடாது

குடவாசல் பஸ்ஸில் என் முன் இருக்கையில் ஒரு விவசாயியும் அவர் மனைவியும்.

“மாத்திரையைப் போய் நெல்லுக் குதிருக்குள்ள வச்சிருக்கீங்களே, ஏங்க?”

“பிரஷர் மாத்திரைடி. வெயில் படக்கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்கள்ல?”

“ஐயோ, மாத்திரை மேல இல்லங்க, உங்க மேல! அதை வருஷக்கணக்கா சாப்பிடுறவங்க வெயில்லயே கிடந்தா, தோல்ல புத்துநோய் வர வாய்ப்பு அதிகமாம்.”

“குத்தகை கேஸ் இன்னும் முடியல. நான் வயல்ல இறங்கலன்னா பண்ணையார் ஆளுல்ல இறங்கிடுவான்?”

“முழுக்கைச் சட்டை போட்டுக்கிட்டு இறங்குங்க. வேற மாத்திரை இருக்கான்னு இன்னிக்கே கேட்டுடுவோம். நீங்களா நிறுத்திடாதீங்க.”

பஸ் வளைவில் திரும்பியது. ஜன்னல் வெயில் அவர் முகத்தில் அடித்தது.

“எந்திரிங்க, அங்க நான் உக்காந்துக்கிறேன்.”

“உன் மேல மட்டும் படலாமா?”

“எனக்கு வெறும் சுகர்தாங்க.”