கொன்றையடிக் கிணற்றுக்கு நான் எழுதிய ஆதாரம்

பொலிஸ் நிலையம், சிறு முறைப்பாட்டுப் பிரிவு. 2024.08.20, முற்பகல் 10.15. கொன்றையடிக் குடியிருப்பு கிணற்றுத் தகராறு தொடர்பாக, அழைக்கப்படாமல் தானாகவே நிலையத்துக்கு வந்தவர் கூறியது.

பெயர்: வீரகத்தி சுஜிதன். வயது: 43. தொழில்: தர்மபுரம் சந்தியில் தட்டச்சு, போட்டோக்கொப்பி, சிறு அச்சு வேலை செய்யும் கடை. முகவரி: வாய்க்கால் வீதி, கொன்றையடிக் குடியிருப்பு, தர்மபுரம். அடையாள அட்டை பார்வையிடப்பட்டது. இவர் கூறுவதாவது:

நான் மேற்சொன்ன முகவரியில் மனைவி, இரண்டு பிள்ளைகளுடன் வசிக்கிறேன். என்மேல் இதற்கு முன் எந்த முறைப்பாடும் இல்லை. என் கடையில் அதிகம் நடப்பது செத்தவீட்டு வேலை. முப்பத்தோராம் நாளுக்கு உறவினருக்குக் கொடுக்கும் நினைவு மலரை நானே தட்டச்சுச் செய்து, பக்கம் கட்டி, அச்சடித்துக் கொடுப்பேன். அமரரின் வாழ்க்கை வரலாறு எழுதத் தெரியாதவர்களுக்கு அதையும் நானே எழுதுவேன். இந்தப் பதினொரு வருடத்தில் கெட்ட மனிதர் ஒருவருக்காவது நான் மலர் அடித்ததில்லை. எல்லோரும் ஈகைக் குணம் உள்ளவர்கள், எல்லோரும் ஊருக்கு உழைத்தவர்கள். வாசிப்பவர்களுக்கும் அது தெரியும் என்பதால் இதை நான் பொய் என்று நினைத்ததில்லை.

2019ஆம் ஆண்டு மாசி மாதம் எங்கள் ஊரைச் சேர்ந்த, முன்பு கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்த நல்லதம்பி அவர்கள் தமது 81ஆவது வயதில் காலமானார். அதன்பின் கனடாவில் இருக்கும் அவருடைய மகள் தேனுகா, மலர் அடிப்பதற்கான விபரங்களை வட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பினார். அவை ஒன்பது பக்கத்துக்குத்தான் காணும். ஒரு தாளை மடித்தால் நாலு பக்கம் வரும், ஆகையால் மலர் எட்டுப் பக்கமாக இருக்கலாம், அல்லது பன்னிரண்டாக இருக்கலாம், ஒன்பதாக இருக்க முடியாது. ஒரு பக்கத்துக்குத் தேவாரமும் இன்னொன்றுக்கு நன்றி நவிலலும் போட்டேன். பத்தாம் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. தேனுகாவிடம் கேட்டதற்கு, "அண்ணா, வெறும் பக்கம் மட்டும் விட்டிடாதேங்கோ, ஆக்கள் குறையாய் நினைப்பினம்" என்று குரல் பதிவு அனுப்பினார்.

அவர் அனுப்பிய படங்களில் ஒன்றில் நல்லதம்பி அவர்கள் எங்கள் ஊர் வீதியோரக் கிணற்றின் கட்டில் கைவைத்தபடி நின்றார். ஒரு செத்தவீட்டுக்குப் போய் வரும் வழியில் கால் கழுவ நின்றபோது எடுத்த படம் என்று இப்போது அறிகிறேன். நான் அந்தப் படத்தைப் பத்தாம் பக்கத்தில் போட்டு, அதன் கீழே "ஊர் மக்களின் தாகம் தீர்க்கத் தாமே வெட்டிப் பொதுவுக்கு ஈந்த கிணற்றருகில் அமரர்" என்று எழுதினேன். அப்படியும் இடம் மிஞ்சியதால் 1974ஆம் ஆண்டு என்று ஒரு ஆண்டும், அரை ஏக்கர் காணியையும் சேர்த்துக் கொடுத்தார் என்று பதினாலு வரியும் எழுதினேன். அந்த ஆண்டை எங்கிருந்து எடுத்தேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. எங்கிருந்தும் எடுக்கவில்லை என்பதே சரி.

மாதிரிப் பிரதியைத் தேனுகாவுக்கு அனுப்பினேன். அவர் அழும் முகப் படங்கள் ஐந்தாறு போட்டு, "அப்பா இதை எங்களுக்குச் சொல்லவே இல்லை அண்ணா" என்று எழுதினார். உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்த முதலாவது சந்தர்ப்பம் அது. நான் பதிலுக்குக் கைகூப்பும் படம் ஒன்று போட்டேன்.

இணையத்தில் யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்ற தமிழ்க் கலைக்களஞ்சியம் ஒன்று உண்டு. 2014இலிருந்து நான் அதில் 'கொன்றையடியான்' என்ற பெயரில் எழுதி வருகிறேன். சம்பளம் கிடையாது. இரண்டாயிரத்து முந்நூறுக்கு மேல் திருத்தங்கள் செய்திருக்கிறேன், அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. யாராவது ஒரு தகவலை எழுதினால் உடனே போய் 'ஆதாரம் தேவை' என்று குறி போடுபவர்களில் நானும் ஒருவன்.

கொன்றையடிக் குடியிருப்புப் பற்றி நான் எழுதிய கட்டுரையின் தலையில், 2019 ஆனி மாதம், ஒரு அறிவித்தல் போடப்பட்டது. ஆதாரம் இல்லாவிட்டால் ஏழு நாளில் கட்டுரை நீக்கப்படும் என்பது அதன் சாரம். போட்டவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று தெரியாது. எங்கள் ஊர் இரண்டு தரம் இடம்பெயர்ந்து இரண்டு தரமும் திரும்பி வந்த ஊர், அதை ஒருவர் கதிரையில் இருந்தபடி அழிக்கப் பார்க்கிறார் என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் எங்கள் ஊரைப் பற்றி அச்சில் எதுவும் இல்லை. இருந்தவை சனத்தோடு போய்த் தொலைந்துவிட்டன. உலகத்திலேயே கொன்றையடியைப் பற்றி அச்சில் இருந்த ஒரே சாமான் என் கடையில் அடித்த நல்லதம்பி நினைவு மலர்.

அதன்பின் நான் கிணற்றுக் கதையையும் கட்டுரையில் சேர்த்து, அந்த மலரை ஏழு இடத்தில் ஆதாரமாகக் காட்டினேன். எழுதியவர் யார் என்று கேட்கும் இடத்தில் என் பெயரைப் போட வெட்கமாக இருந்ததால் 'மலர்த் தொகுப்பாசிரியர் குழு' என்று போட்டேன். அப்படி ஒரு குழு இல்லை. அடுத்த நாள் அறிவித்தல் நீக்கப்பட்டு, நம்பகமான ஆதாரம் சேர்த்தமைக்கு எனக்கு நன்றியும் தெரிவிக்கப்பட்டது.

2021இல் ஊர்ப் பாடசாலையின் ஆண்டு விழா மலருக்கு ஆசிரியை சுமித்திரா ஊர் வரலாறு எழுதினார். அதைத் தட்டச்சுச் செய்ய என் கடைக்கே கொண்டுவந்தார். வாசித்தபோது என் வசனங்கள் அப்படியே கிடந்தன. ஊரைப் பற்றி இணையத்தில் இருந்ததை நம்பித்தான் எழுதினேன் என்று அவர் சொன்னார். நான் திருத்தவில்லை. உள்ளபடி சொன்னால் சந்தோசப்பட்டேன். பிறகு ஒரு வாரப் பத்திரிகை அந்த விழா மலரைப் பார்த்து ஒரு கட்டுரை போட்டது. அதில் நல்லதம்பி அவர்கள் தன்னந்தனியாக மூன்று மாதத்தில் முப்பத்திரண்டு அடி வெட்டினார் என்று இருந்தது. கிணறு இருபத்தேழு அடி. அதன்பின் நான் விழா மலரையும் பத்திரிகையையும் இரண்டாம் மூன்றாம் ஆதாரமாகக் கலைக்களஞ்சியத்தில் சேர்த்தேன். மூன்றும் நான் சொன்னதுதான் என்று எனக்குத் தெரிந்திருந்தும் சேர்த்தேன்.

2023 கார்த்திகை மாதம் ஒரு காலையில், கிணறு இருக்கும் காணியில் வசிக்கும் மார்க்கண்டு இராசமலர், வயது 64, என் கடைக்கு வந்தார். இணையத்தில் கிணறு நல்லதம்பியர் வெட்டியதாக இருப்பதை யாரோ போனில் காட்டியதாகவும், அந்தக் கிணறு 1978இல் தன் கணவர் மார்க்கண்டு வெட்டியது என்றும், காணி அனுமதிப்பத்திரம் கடைசி யுத்தத்தில் மாத்தளனில் பையோடு போய்விட்டது என்றும் சொன்னார். "நல்லதம்பியர் சாரத்தை மடிச்சுக் கட்டத் தெரியாத மனுசன், அவர் எங்கால கிணறு வெட்டினவர்?" என்று சிரித்தும் சொன்னார். அவர் அப்போது கோபமாக இருக்கவில்லை. ஒரு பிழை நடந்திருக்கிறது, தம்பி திருத்திவிடுவார் என்றுதான் வந்திருந்தார்.

நான் அவரிடம் "அக்கா, அதுக்கு ஆதாரம் ஏதும் இருக்கோ?" என்று கேட்டேன்.

அவர் "நான் இருக்கிறன்தானே தம்பி. அவர் வெட்ட வெட்ட நான்தான் வாளியால மண் இழுத்தனான்" என்றார்.

ஆள் ஆதாரம் ஆகாது, அச்சில் இருக்க வேண்டும் என்று நான் விளங்கப்படுத்தினேன்.

கேள்வி: அதற்குப் பிறகு அவரிடம் வேறு ஏதாவது சொன்னீரா?

பதில்: சொன்னேன். இதைச் சொல்லாமல் போகலாம் என்று நினைத்துத்தான் வந்தேன். மார்க்கண்டு அவர்கள் 2009 சித்திரை மாதம் மாத்தளனில் சனத்துக்குள் பிரிந்து போனவர். அதற்குப் பிறகு அவரைக் கண்டவர் இல்லை. இராசமலர் அவர்கள் மரணச் சான்றிதழ் எடுக்கச் சொன்னபோது எடுக்காதவர், காணாமல் போனோரின் உறவினர் போராட்டம் இருக்கும் கொட்டகைக்கு மாதம் ஒரு தரமாவது போய் வருபவர். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே நான், "அண்ணையின்ர நினைவு மலர் ஒண்டு அடிப்பமே அக்கா? அதில கிணத்தையும் எழுதிவிட்டால் அது ஆதாரமாகும்" என்று சொன்னேன். உதவி செய்கிறேன் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் எழும்பிப் போனார். கடை வாசலில் செருப்பை மாறிப் போட்டுக்கொண்டு நடந்தார். நான் கூப்பிட்டுச் சொல்லவில்லை.

இந்த வருடம் ஆனி மாதம் ஊர்க் குடிநீர்ச் சங்கத்துக்குத் தண்ணீர்த் தாங்கியும் சுத்திகரிக்கும் இயந்திரமும் கிடைத்தன. சங்கச் செயலாளர் அனோஜன் கெட்டவர் அல்லர். ஊரில் மற்றக் கிணறுகள் உவர். தாங்கி வைக்கப் பொதுக்காணி தேவைப்பட்டபோது, கிணறும் அரை ஏக்கரும் பொதுவுக்கு ஈந்தவை என்ற கலைக்களஞ்சியக் கட்டுரையை அவர் விண்ணப்பத்தோடு இணைத்தார். அந்தப் பக்கங்களை அச்சடித்துக் கொடுத்ததும் என் கடைதான். அதன்பின் இந்த மாதம் 9ஆம் திகதி சங்கத்தார் வேலியை வெட்டியதும், இராசமலர் அவர்கள் கிணற்றுக் கட்டில் ஏறிப் பொழுதுபடும் வரை இறங்காமல் இருந்ததும், இருபக்க முறைப்பாடும் இந்த நிலையத்துக்குத் தெரிந்தவை.

12ஆம் திகதி நான் கலைக்களஞ்சியத்துக்குள் போய் அந்தப் பகுதியை அழித்தேன். நாலு நிமிடத்தில் அது பழையபடி வந்தது. ஆதாரமுள்ள தகவலைக் காரணமின்றி நீக்க வேண்டாம் என்று எச்சரிக்கை போட்டிருந்தார்கள். அந்த ஆதாரத்தை எழுதியவன் நான்தான், அது பொய் என்று எழுதினேன். தனிநபரின் சொந்த ஞாபகத்தை ஏற்க முடியாது, மூன்று ஆதாரங்கள் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன, ஒரு தொகுப்பாசிரியர் குழுவின் கூற்றை ஒருவர் மறுக்க முடியாது என்று பதில் வந்தது. மூன்றாம் தரமும் அழித்ததால் விசமத்தனம் என்று ஒரு கிழமைக்கு என்னைத் தடை செய்தார்கள். அவர்கள் எழுதியவை எல்லாம் நான் மற்றவர்களுக்கு எழுதி வந்த அதே வசனங்கள். அதனால் எனக்குக் கோபப்படவும் முடியவில்லை.

அதன்பின் அனோஜனிடம் போய்ச் சொன்னேன். "சுஜிதன் அண்ணை, மூண்டு இடத்தில அச்சில கிடக்கு. நீங்கள் இப்ப வந்து வாயால சொல்லுறியள். அக்காவைப் பார்க்கப் பாவமாய்க் கிடக்கெண்டு கதையை மாத்தாதேங்கோ" என்றார். தேனுகாவுக்கும் எழுதினேன். அவர் வாசித்ததற்கான அடையாளம் விழுந்தது, பதில் வரவில்லை.

17ஆம் திகதி சனிக்கிழமை காலை பத்து மணியளவில் இராசமலர் அவர்கள் மறுபடி என் கடைக்கு வந்தார். மார்க்கண்டு அவர்களின் பழைய அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்த பிரதி ஒன்றை மேசையில் வைத்தார். "நாலு பக்கம் காணும். கிணறு இவர் வெட்டினதெண்டு வடிவாய்ப் போடும்" என்றார். நான் படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பிறகு, மலர் என்றால் மறைந்த திகதியும் திதியும் போட வேண்டுமே அக்கா என்று கேட்டேன். வேறு எதைக் கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை.

"திகதியை நீரே போடும். நல்லதம்பியருக்கு எழுதினனீர்தானே, இவருக்கும் ஒண்டு எழுதும்" என்றார்.

பதினைந்து வருடமாக நான் அவரைப் பொட்டோடுதான் கண்டிருக்கிறேன். அன்று அவருடைய நெற்றியில் பொட்டு இருக்கவில்லை.

அவர் போன பிறகு கணினியில் புதுக் கோப்பு ஒன்று திறந்து, பெயரும் பிறந்த திகதியும் அடித்தேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. அன்றும் மறுநாளும் கடையைப் பூட்டிவிட்டு வீட்டில் இருந்தேன். மனைவி கேட்டபோது காய்ச்சல் என்றேன். நேற்று அவரிடம் முழுவதையும் சொன்னேன். "அப்ப நீங்கள் இஞ்ச ஏன் இருக்கிறியள்?" என்று கேட்டார். ஆகையால் இன்று வந்தேன்.

இதை எழுதும் சார்ஜன்ட் ஐயா அந்தக் கட்டுரையைத் தன் போனில் எடுத்துப் பார்த்து, "இது வடிவாய்த்தானே எழுதிக் கிடக்கு" என்றார். ஓம், வடிவாகத்தான் எழுதியிருக்கிறேன் என்றேன்.

கேள்வி: இதனால் உமக்கு எதிராக நடவடிக்கை வரலாம் என்பது விளங்குகிறதா?

பதில்: விளங்குகிறது. இந்த வாக்குமூலத்தை மத்தியஸ்தர் சபைக்கோ நீதிமன்றத்துக்கோ போகும் வழக்குக் கோவையில் முதல் தாளாக வைக்கும்படி கேட்கிறேன். இது ஏற்கப்பட்டால் இராசமலர் அவர்கள் அந்த மலரை அடிக்க வேண்டியதில்லை. நல்லதம்பி அவர்கள் கிணறு வெட்டவில்லை. மார்க்கண்டு அவர்கள் வெட்டினார். மார்க்கண்டு அவர்கள் இறந்துவிட்டதாக எனக்குத் தெரியாது.

மேலே உள்ளவற்றுக்கு அச்சில் ஆதாரம் எதுவும் இல்லை. நான் செய்ததையும் நான் சொன்னதையும் யாருடைய வற்புறுத்தலும் இன்றிச் சொல்லியிருக்கிறேன். எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. வெட்கமாக இருந்த இடங்களிலும் எதையும் வெட்டும்படி நான் கேட்கவில்லை. உண்மை என்று என் சொந்தப் பெயரில் ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) வீ. சுஜிதன்