ஈர உப்பில் எட்டிய டார்கெட்

மழை கரைத்த உப்புப் பாத்திகளை மூன்று தடவை திரும்பக் கட்டியவன் நான். எனக்குக் கையெழுத்துப் போடத்தான் தெரியும். அதை வைத்தே அரவை மில்லும் இரண்டு லாரியும் வாங்கினேன். அப்படிப்பட்டவன் மரக்காணத்திலிருந்து புதுச்சேரி வரை பஸ்ஸில் ஒட்டுக்கேட்டுக்கொண்டே வந்தேன். முன் சீட்டில் உப்புக் கம்பெனி சூப்பர்வைசர்கள், இரண்டு பெண்கள்.

"உப்பு வெயில்ல இளைச்சிடுச்சுன்னு சொல்லட்டுமாக்கா?" என்றாள் சின்னவள்.

"சொல்லு. மேனேஜர் அதுக்கு டானிக் வாங்கிக் குடுப்பாரு."

இருவரும் குலுங்கிச் சிரித்தார்கள்.

"சிரிக்காதக்கா. மாச டார்கெட்டுக்காக, வாரின ஈரத்தோடயே எடை போட்டுட்டேன். எல்லாரும் கைதட்டுனாங்க. இப்ப காய்ஞ்சு எடை எறங்கிப்போச்சு. இன்னிக்கு மீட்டிங்ல என் வேலையே போயிடும்."

"ஏண்டி, அவங்க கேக்கறதுக்கு முன்னாடி நீயே சொல்லிடு. இனிமே தண்ணி வடிஞ்சு காய்ஞ்ச உப்புக்குத்தான் டார்கெட் வைக்கணும்னு கேளு."

"யார் ஐடியான்னு கேட்டா?"

"என்னோடதுன்னு சொல்லு. எனக்கும் இன்கிரிமென்ட் வரட்டும்!"

கோட்டக்குப்பம் தாண்டியும் சிரிப்பு நிற்கவில்லை.

காய்ந்த பிறகே எடை என்று இந்தக் கரையில் முதலில் சொன்னவன் நான். அன்றைக்கு என்னைப் பார்த்துத்தான் எல்லோரும் சிரித்தார்கள். கம்பெனி அந்த ரூலைச் சுவரில் ஒட்டட்டும், அந்தப் பெண்ணின் வேலையும் நிலைக்கட்டும். ஆனால் கீழே என் பெயர் இருந்தாக வேண்டும்.