முடிச்சு விழாத கைக்குட்டை

காபியை ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள். எங்கள் யூத சமூக மையத்தின் காபி சூடாக இருக்கும்போதே சுமார்தான். நான் வாரமடலை முடித்துக்கொண்டே பேசுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வியாழக்கிழமை பூரிம் பண்டிகைக்கு முக்கோண பிஸ்கட் சுடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளின் மாறுவேடப் போட்டி. முதியோர் நீச்சல் பத்து மணியிலிருந்து பத்தரைக்கு மாறுகிறது. இதில் ஒன்று பிசகினாலும் நாற்பது பேர் தொலைபேசியில் என்னைப் பிடித்துக்கொள்வார்கள்.

நீங்கள் கேட்டது கைக்குட்டையைப் பற்றி. ப்ளூமா உங்கள் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்திருக்கிறாள் என்றால் நான் ஆச்சரியப்படவில்லை. அவளுக்கு யாரையும் சந்தேகப்படாமல் சாப்பாடு இறங்காது. ஆனால் இந்த முறை அவள் கண் சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. உங்கள் அண்ணனுக்கு வேதியியல் நடத்தியவன் நான். ஒரு விஷயத்தை முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு வரும்.

இந்தப் பேட்டையைச் சுற்றி ஒரு நைலான் கயிறு ஓடுவதை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். மின்கம்பம், வேலி, ஆற்றுப்பாலம் என்று நான்கு மைல். எரூவ் என்பது அதன் பெயர். சபாத் அன்று, அதாவது சனிக்கிழமை, நாங்கள் வீட்டுக்கு வெளியே எதையும் சுமக்கக்கூடாது. சாவி, புத்தகம், கைக்குழந்தை எதுவும் கூடாது. அந்தக் கயிறு அறுபடாமல் இருந்தால் பேட்டை முழுவதும் ஒரே வீடு என்று கணக்கு, சுமக்கலாம். அறுந்திருந்தால் தாய்மார்கள் பிள்ளைகளோடு வீட்டிலேயே அடைந்துகிடக்க வேண்டியதுதான். மூக்கு ஒழுகுகிறவர்கள் கைக்குட்டையை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு வருவார்கள். கட்டிக்கொண்டால் அது சுமை இல்லை, உடை.

ஒவ்வொரு வாரமும் அந்த நான்கு மைலையும் நடந்து பார்க்கிறவன் நான். வெள்ளிக்கிழமை மடலின் தலைப்பில் "கயிறு நலம். வினிக்" என்று போடுவேன். ஊர் நம்பும். இருபத்தாறு வருடம். என் மனைவி போன பிறகு, மறைக்காமல் சொல்கிறேன், என்னிடம் மிச்சம் இருந்தது அந்த ஒரு வரிதான்.

நஃப்தாலி என் நண்பன். ஓய்வுபெற்ற பல் டாக்டர். ஊரில் பாதிப் பேரின் வாய்க்குள் கை விட்டவன் என்பதால் எல்லோரிடமும் வாய்த்துடுக்கு. சனிக்கிழமை காலை இருவரும் சேர்ந்துதான் மேடேறி மையத்துக்குத் தொழப் போவோம். போன கோடையில் ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என் காரில் சரிந்தான். நான்தான் மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை கொடுத்தார்கள். அவன் மனைவி ப்ளூமாவுக்குத் தெரிந்தால் அவனை அடுத்த விமானத்தில் அரிசோனாவில் இருக்கும் மகள் வீட்டுக்கு மூட்டை கட்டிவிடுவாள் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஒரு புட்டியை அவன் வைத்துக்கொண்டான். இன்னொன்றை என்னிடம் கொடுத்தான். "நீதானப்பா எப்பவும் பக்கத்துல வர்ற" என்றான்.

ஆகஸ்டில் ஒரு புயலில் கயிறு அறுந்தது. மடலில் போட்டேன். அந்தச் சனிக்கிழமை அவன் மாத்திரையை வீட்டில் வைத்துவிட்டு வந்தான். நானும் அவனுடைய மற்றப் புட்டியை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போனேன். உயிருக்கு ஆபத்து என்றால் எந்தத் தடையும் கிடையாது. எங்கள் மதகுரு ரப்பியிடம் கேட்டிருந்தால் ஒரு நொடியில் எடுத்துக்கொள் என்றிருப்பார். ஆனால் கேட்டால் விஷயம் வெளியே வந்துவிடுமே. அன்றைக்கு அவனுக்காக ஆமை வேகத்தில் மேடேறினேன். மூச்சு வாங்கினால் நிற்போம், மேப்பிள் மரத்தைப் பார்ப்பதுபோல நடிப்போம். அந்த நடையை நான் மறக்கவில்லை.

டிசம்பரில் என் முட்டி போயிற்று. பால் பண்ணைக்குப் பின்னால் இருக்கும் சரிவு முழுக்கப் பனிக்கட்டி. ஒரு வாரம் அந்தப் பகுதியை மட்டும் பார்க்காமல் விட்டேன். மடலில் "நலம்" என்றே போட்டேன். நலமாக இல்லாமல் போக என்ன காரணம்? அடுத்த வாரமும் விட்டேன். இன்னொருவரிடம் கொடுத்திருக்கலாமே என்பீர்கள். கொடுத்திருந்தால் அது அவருடைய வேலையாகிப் போயிருக்கும்.

ஆனால் நான் பார்க்காத கயிற்றை நம்பி நானே எதையும் சுமக்க முடியாது அல்லவா? மணிக்கட்டில் கைக்குட்டை கட்டிக்கொண்டேன். பதினோரு வாரம். ஊரே என் வரியை நம்பிக் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனது, நான் மட்டும் கட்டிக்கொண்டு போனேன். நான் செய்த ஒரே முட்டாள்தனம் அதுதான். என்னுடைய நேர்மையே என்னைக் காட்டிக்கொடுத்தது.

நஃப்தாலியைத் தவிர வேறு யார் கவனிப்பார்கள்? கயிறு நலம் என்று எழுதுகிறவன் ஏன் மணிக்கட்டில் கட்டுகிறான் என்று அவனுக்கு உறுத்தியிருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய ஞாயிறு தனியாக நடந்து பார்த்திருக்கிறான், நெஞ்சுவலிக்காரன், நான்கு மைல். மறுநாள் நீச்சல் முடிந்து இருவரும் துண்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவன் குரலைத் தாழ்த்தினான்.

"பால் பண்ணைக்குப் பின்னாடி கயிறு தரையில கெடக்கு, வினிக். மேல மூணு அடுக்கு ஐஸ். நேத்து அறுந்தது இல்ல அது."

நான் துண்டால் முட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"சொத்தப் பல்ல நாக்கால மறைக்கிற பேஷன்ட எத்தன பேரப் பாத்திருப்பேன். நீயே சொல்லிடுப்பா. அடுத்த ஞாயித்துக்கிழம கமிட்டி இருக்கு. நான் வாயத் தொறக்க மாட்டேன், உன் பக்கத்துல உக்காந்துக்கறேன். ஆனா நீ சொல்லலேன்னா நான் சொல்லுவேன். புள்ளக்காரிங்கல்லாம் உன்ன நம்பி வந்துட்டிருக்காங்கடா."

அவன் சொன்னதில் நியாயம் இல்லை என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன் என்றானே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஊர் முன்னால் நான் தலை குனிந்து நிற்க, அவன் என் தோளில் கை போட்டுக்கொண்டிருப்பான். எனக்குப் பயமாக இருந்தது. அவமானமாக இருந்தது. சரி, சொல்கிறேன் என்றேன். இந்த வாரமே மடலில் கயிறு அறுந்தது என்று போடுகிறேன், மீதியைக் கமிட்டியில் சொல்கிறேன் என்றேன். அவன் கண் கலங்கிவிட்டது. ஈரத் துண்டோடு என்னைக் கட்டிக்கொண்டான்.

புதன்கிழமை ஏணியை எடுத்துக்கொண்டு போய்க் கயிற்றைக் கட்டினேன். முட்டி வலியில் உயிர் போயிற்று. வியாழக்கிழமை நான்கு மைலையும் நடந்து, கம்பம் கம்பமாக அண்ணாந்து பார்த்தேன். எங்கும் ஒரு பழுது இல்லை. வெள்ளிக்கிழமை மதியம் மடலில் "கயிறு அறுந்துள்ளது, எதையும் சுமக்க வேண்டாம். வினிக்" என்று போட்டேன். நஃப்தாலி உடனே தொலைபேசியில் கூப்பிட்டு, நிம்மதியாகத் தூங்கு என்றான். தூங்கினேன்.

சனிக்கிழமை ப்ளூமா விருந்து மேசை போடுவதற்காக முன்னாலேயே போய்விட்டாள். நாங்கள் இருவரும் ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். கடுங்குளிர். அவன் மணிக்கட்டில் கைக்குட்டை கட்டியிருந்தான். மாத்திரைப் புட்டி வைக்கிற கோட்டுப்பை தட்டையாக இருந்ததைப் பார்த்துக்கொண்டேன். குளிரில் யாரும் மெதுவாக நடக்க மாட்டார்கள், நானும் நடக்கவில்லை. நாளைக்குக் கமிட்டியில் எப்படி ஆரம்பிப்பது என்று அவனிடமே யோசனை கேட்டேன். அவன் உற்சாகமாகப் பேசிக்கொண்டு என் வேகத்துக்கு ஈடுகொடுத்து வந்தான். மேப்பிள் மரத்தடியில் நாங்கள் நிற்கவில்லை.

மையத்தின் கூரை தெரிகிற வளைவில் உட்கார்ந்துவிட்டான். முகமெல்லாம் வியர்வை. பழக்கதோஷம், என் கை தானாகக் கோட்டுப் பைக்குள் போய்க் கைக்குட்டையை எடுத்தது. அவன் நெற்றியைத் துடைத்தேன். அவன் அதைப் பார்த்தான். என் வெறும் மணிக்கட்டைப் பார்த்தான்.

"கயித்தக் கட்டிட்டியா?" என்றான்.

ஆமாம் என்றேன். அவனிடம் நான் பொய் சொல்ல வேண்டிய அவசியம் எதுவும் அப்போது இல்லை. பிறகு அவன் என் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆள் கூட்டி வருகிறேன் என்று சொல்லிவிட்டு மேடேறினேன்.

வாசலில் காவலர் என் நண்பன் எங்கே என்று கேட்டார். பின்னால் மெதுவாக வருகிறான் என்றேன். அவர் உங்களிடம் சொல்லியிருப்பார், அது உண்மைதான். உள்ளே மௌனமாக நின்று தொழுகிற நேரம். பாதங்களைச் சேர்த்து வைத்துவிட்டால் நடுவில் யாரையும் கூப்பிடக்கூடாது, நாங்கள் அவ்வளவு மரியாதை கொடுக்கிற தொழுகை அது. நானும் பாதங்களைச் சேர்த்து நின்றேன். ஏழெட்டு நிமிடம் இருக்கும். முடிந்ததும் ரப்பியின் காதில் சொன்னேன். எல்லோரும் ஓடினார்கள். காவலர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அடக்கம் என்பதால் கமிட்டி தள்ளிப்போயிற்று. இப்போது ப்ளூமா ஏழு நாள் துக்கத்தில் தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். நேற்று அங்கே தொழுகைக்கு வேண்டிய பத்துப் பேரில் ஆள் குறையாமல் இருக்கட்டும் என்று போனேன். மடியில் என் கைக்குட்டையை வைத்திருந்தாள். அன்றைக்கு அவன் நெற்றியிலேயே கிடந்திருக்கிறது.

"அன்னிக்கி எல்லாரும் முடிச்சுப் போட்டுக் கட்டிட்டு வந்தாங்க" என்றாள். "இதுல முடிச்சுப் போட்ட சுருக்கமே இல்ல. இஸ்திரி போட்ட மடிப்பு அப்படியே இருக்கு. இது எங்கேருந்து வந்துச்சு, வினிக்?"

பையிலிருந்து வந்தது. இதுதான் உங்கள் கேள்விக்கும் பதில். கயிறு அறுந்தது என்று எழுதியவனே ஏன் சுமந்துகொண்டு வந்தான் என்று அவள் சந்தேகப்பட்டது சரிதான். எனக்கு அவள்மேல் கோபமில்லை. நஃப்தாலியை நான் தொடக்கூட இல்லை, நெற்றியைத் துடைத்ததைத் தவிர.

மடலில் தவறு வந்தால் அடுத்த வாரம் திருத்தம் போட்டுவிடுவேன். இதற்கும் எழுதி வைத்திருக்கிறேன். சென்ற வாரம் கயிறு அறுந்திருப்பதாக வந்த தகவல் தவறு, கயிறு முழுமையாக இருந்தது, வீட்டிலேயே தங்கிவிட்ட தாய்மாரிடம் வருந்துகிறேன். இவ்வளவுதான். நீச்சல் நேரத்துக்குக் கீழே போடலாம் என்று பார்க்கிறேன்.

என் கோட்டு அதோ ஆணியில் மாட்டியிருக்கிறது. நஃப்தாலியின் இரண்டாவது புட்டி உள்பையில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமையும் அங்கேதான் இருந்தது. கயிறு அறுந்திருந்தால் நான் அதை வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் கிளம்பியிருப்பேன். சபாத் விதியை நான் ஒருநாளும் மீறியதில்லை, யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.