மிச்சம் மூன்று பாட்டு

மத்தியானம் மூன்று மணிக்கு ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினால் ஸ்ரீரங்கம் வரை உட்கார்ந்தே போகலாம், இன்ஸ்பெக்டர் மேடம். பதினோரு வாரம் அப்படித்தான் ரெங்கராஜ் சார் வீட்டுக்குப் போய்வந்தேன். நான் பிசியோதெரபிஸ்ட். மன்னார்புரத்தில் தனியாக இருக்கிறேன்.

அவர் ஜாஸ் கிடார் வாசிப்பவர். நாற்பத்தேழு வயது. மனைவி பிரிந்துபோய் வெகுநாளாயிற்று. பழைய இங்கிலீஷ் ராக் பாட்டுகள் ஒன்பதை எடுத்து, டிரம்ஸ் இல்லாமல், பாடகர் இல்லாமல், ஒற்றைக் கிடாரில் ஜாஸாக மாற்றி ஒரு ஆல்பம் போட்டுக்கொண்டிருந்தார். ஆறு பாட்டு பதிவாகியிருந்தபோது காவிரிப் பாலத்தில் ஸ்கூட்டர் சறுக்கியது. இடது மணிக்கட்டும் இரண்டு விரல்களும் உடைந்தன. தந்தியை அழுத்துகிற கை அதுதான்.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. மூன்றாம் வாரத்திலிருந்து விரல்களை அசைக்க வைக்கச் சொல்லி டாக்டர் எனக்கு எழுதிக் கொடுத்தார்.

முதல் நாளே அந்த ஆறு பாட்டையும் எனக்குப் போட்டுக் காட்டினார். எனக்கு ஜாஸும் தெரியாது, ராக்கும் தெரியாது. கூட்டமே கத்திப் பாடுகிற பாட்டாம். அவரோ, பக்கத்தில் இருக்கிற ஒரே ஆளிடம் பேசுகிற மாதிரி வாசித்திருந்தார். பக்கத்தில் நான்தான் இருந்தேன்.

"மிச்சம் மூணையும் முடிச்சுட்டா மும்பை போயிடுவேன், பெலிண்டா. அங்க எல்லாரும் காத்துண்டிருக்கா."

"முதல்ல கை ஆறட்டும் சார்," என்றேன். அதில் தப்பு ஒன்றும் இல்லையே.

மூன்றாம் வாரம் அவரே கேட்டார். "அசைச்சுப் பாக்கட்டுமா?"

"வலிக்குதா சார்?"

"லேசா."

"அப்ப இப்ப வேண்டாம்."

நான் செய்தது அவ்வளவுதான். கையில் போட்டிருந்த கட்டைக் கொஞ்சம் இறுக்கிப் போட்டேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன், அதற்கடுத்த வாரமும். டாக்டர் வரச்சொன்ன தேதியை இரண்டு தடவை நான்தான் போன் பண்ணித் தள்ளிவைத்தேன். முன்னேற்றம் இருக்கிறது என்று எழுதி அனுப்பினேன்.

சட்டைப் பட்டன் போட்டுவிட்டேன். தலை வாரிவிட்டேன். தந்தி மீட்டுவதற்காக வலது கையில் நகம் வளர்த்திருந்தார். அதையும் வெட்டிவிட்டேன். வேண்டாம் வேண்டாம் என்றுதான் சொன்னார். இன்னொரு கை கட்டுக்குள் இருக்கும்போது எப்படித் தடுப்பார்?

பதினோராம் வாரம், இதற்கு மேல் பொறுக்க முடியாது என்று கட்டை அவிழ்க்கச் சொன்னார். கிடாரை மடியில் வைத்துக்கொண்டார். விரல்கள் மடங்கினபடியே நின்றன. நெடுநேரம் அவற்றையே பார்த்தார்.

"வரமாட்டேங்கறதே, பெலிண்டா," என்றார். அழவில்லை. குழந்தை மாதிரி என் முகத்தைப் பார்த்தார். அந்தக் கையை என் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டேன். அவர் இழுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் டாக்டர் பார்த்துவிட்டு, மூட்டு இறுகிவிட்டது, இனி கிடார் வாசிக்க வராது என்றார். என்னைத் தனியாக அழைத்து, தான் எழுதிக் கொடுத்த சீட்டைக் கேட்டார். அது என் பையில்தான் இருந்தது. உங்களுக்குப் புகார் கொடுத்ததும் அவர்தான்.

அசைக்காமல் விட்டால் விரல் போய்விடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று, மேடம். இதற்கு நான்தான் காரணம் என்று ரெங்கராஜ் சாருக்கு இன்னும் தெரியாது. தயவுசெய்து இப்போது சொல்லாதீர்கள். கேட்டால் உடைந்துபோவார், அந்த நேரம் ஆறுதல் சொல்ல நான் பக்கத்தில் இருக்கமாட்டேனே.