சாவி இல்லாமல் வந்தவர்

என் பெயரும் கதவு எண்ணும் தெருவும் மேலே எழுத்தர் எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார், சரியாக இருக்கிறது. வயது நாற்பத்தேழு. ஓட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பும் துண்டும் துவைத்து இஸ்திரி போடும் வேலை. மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. கணவர் பிரிந்துபோய் நெடுங்காலம் ஆகிறது. ஒரே மகள், அவள் இப்போது இல்லை. மேற்படி வீட்டின் மாடியில் நானும் ஒரு பெண் பூனையும் இருந்து வருகிறோம். கீழ்வீட்டில் இருப்பவர் ஒரு கம்பெனி கேட்டில் இரவு வாட்ச்மேன். அவர் நேற்று மதியம் என் வீட்டுக்குள் திருடப் புகுந்தார் என்று என் உடன்பிறந்த தம்பி புகார் கொடுத்து, நேற்றிலிருந்து அவரை இங்கே போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். திருட்டுக் கேஸ் என்று ஒரு தடவை எழுதிவிட்டால் அதன்பிறகு அவரை எந்தக் கேட்டிலும் நிற்க விடமாட்டார்கள். ஆகையால் எனக்குத் தெரிந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். நான் கண்ணால் பார்த்தது எது, காதால் கேட்டது எது என்று பிரித்தே சொல்கிறேன்.

அந்தப் பூனையைக் கொண்டுவந்தது என் மகள். அவள் துணிக்கடையில் கவுண்டரில் இருந்தாள். கடைக்குப் பின்னால் அட்டைப்பெட்டிக்குள் கிடந்தது என்று கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். அதன் பெயர் மேடம். கடை முதலாளியம்மா இவளை நாள் முழுக்க நிற்கவைத்தே வேலை வாங்குவார், ஆகையால் வீட்டிலாவது ஒரு மேடம் நம் சொல் கேட்கட்டும் என்று அப்படி வைத்தாள். இதுவும் கேட்கவில்லை. எழுத்தர் மேடம் என்பவர் யார் என்று இரண்டு தடவை கேட்டார், பூனைதான் என்று எழுதிக்கொண்டார். பூனை கொஞ்சம் வளர்ந்த பிறகு மகள் என்னிடம், "அம்மா, இதுக்குச் சீக்கிரம் ஆபரேஷன் பண்ணிடணும், இல்லாட்டி வருஷம் பூரா நீதான் பிரசவம் பாக்கணும்" என்றாள். வாயில்லாத ஜீவனை வெட்டுவது பாவம் என்று நான் சத்தம் போட்டேன். அந்தப் பேச்சு அதோடு நின்றது. அதன்பிறகு அவளுக்குக் காய்ச்சல் வந்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரும்ப நடந்து வரவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு நான் வேலைக்குப் போய்விட்டேன். நான் அழவில்லை என்று தம்பிக்குக் கவலை. வீட்டுக்கு இரண்டு சாவி உண்டு. மகளிடம் இருந்த சாவியைத் தம்பி வாங்கி வைத்துக்கொண்டான், தனியாக இருக்கிறாய், ஏதாவது ஒன்று ஆனால் கதவை உடைத்துக்கொண்டா வர முடியும் என்றான். மகள் படுத்த அறையை நான் அப்படியே விட்டிருந்தேன். அவள் கடைசியாகப் போர்த்திய மஞ்சள் சால்வை கட்டில்மேல் கிடந்தது. ஊர்த் துணியெல்லாம் துவைக்கிறேன், அந்த ஒன்றை மட்டும் துவைக்கவில்லை.

இப்படி இருக்கும்போது பூனை கத்த ஆரம்பித்தது. சாதாரணக் கத்தல் இல்லை. அடிவயிற்றிலிருந்து, பிள்ளை கத்துவதுபோல் இழுத்து இழுத்துக் கத்தியது. தரையில் புரண்டது. இடுப்பு ஒடிந்ததுபோல் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது, தட்டில் வைத்ததைத் தொடவில்லை. வாசற்கதவுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டு மறுபடியும் கத்தியது. மகள் கடையிலிருந்து வந்தால் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். ஆகையால் அது அவளுக்காக அழுகிறது என்று நினைத்தேன். எனக்கு வராதது அதற்காவது வருகிறதே என்று நினைத்து நான் அதை அதட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தடவிக்கொடுத்தேன், தடவினால் இன்னும் அதிகமாகக் கத்தியது, அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

நான் பகலில் வேலைக்குப் போய்விடுவேன். கீழ்வீட்டுக்காரர் பகலில் தூங்குகிறவர். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ நான் வேலை முடிந்து வரும்போது படியில் என்னை நிறுத்தினார். கண் இரண்டும் சிவந்திருந்தது. "அக்கா, உங்க மேடம் என்னைத் தூங்க விடமாட்டேங்குது. கேட்டுல நின்னுக்கிட்டே தூங்கறேன், சூப்பர்வைசர் பாத்தா வீட்டுல போய்த் தூங்குன்னு ஒரேயடியா அனுப்பிருவான்" என்றார். நான், "அது என் பொண்ணை நெனச்சு அழுவுது. ஒனக்கு ஒன் தூக்கம்தான் பெருசாப் போச்சு" என்றேன். அவர் "சரிக்கா" என்று உள்ளே போய்விட்டார். அதன்பிறகு அவர் ஒரு நாளும் புகார் சொல்லவில்லை. இதை முக்கியமாக எழுதிக்கொள்ளக் கேட்கிறேன்.

அதன்பிறகு எதிர்வீட்டு டியூஷன் டீச்சர் ஒரு நாள் மதில் பக்கம் காட்டி, "உங்க வீட்டுக்குப் பொண்ணு பாக்க வந்திருக்காங்க போலிருக்கே" என்றார். பார்த்தால் கடுவன் பூனைகள் மூன்று வரிசையாக உட்கார்ந்திருந்தன. டியூஷன் பிள்ளைகள் சிரித்தார்கள். என் வீட்டு வாசலில் பெண் பார்க்கிற பேச்சை யாரும் அதுவரை பேசியதில்லை, இனிமேல் பேசுவதற்கும் இல்லை. டீச்சருக்கும் அது உடனே உறைத்துவிட்டது, முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அப்போதும் விஷயம் புரியவில்லை. பூனைக்குச் சீக்கு என்று நினைத்து அரை நாள் லீவு போட்டு, ஒரு கூடையில் வைத்து மேலே துண்டு கட்டி, பஸ்ஸில் ஏறி மாட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

அங்கே டாக்டரம்மாவுக்கு உதவிக்கு இருக்கிற பெண் பூனையின் முதுகில் கையை வைத்தாள், அது உடனே பின்பக்கத்தைத் தூக்கியது. "சீக்கெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. வயசுக்கு வந்திருக்கு, ஆண் தேடுது" என்றாள். என் மகள் செத்துப்போனதை நினைத்து அழுகிறது என்று நான் சொன்னேன். அந்தப் பெண் டாக்டரம்மாவைப் பார்த்தாள். டாக்டரம்மா நல்லவர், சிரிக்கவில்லை. இந்தச் சூடு அடங்கட்டும், இப்போது வெட்டினால் ரத்தம் அதிகம் போகும், அடங்கிய பிறகு கூட்டிவா, ஆபரேஷன் செய்துவிடலாம், அதுவரை வெளியே விடாதே, கடுவனை உள்ளே விடாதே என்று தேதி குறித்துக்கொடுத்தார். அந்தத் தேதி நாளை மறுநாள்.

திரும்பும்போது பஸ்ஸில் கூடையை மடியில் வைத்திருந்தேன். அங்கேதான் எனக்கு முதல்முதலாக அழுகை வந்தது. பூனையும் வழியெல்லாம் கத்தியது, ஆகையால் எல்லோரும் பூனையைத்தான் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன். அது எதற்காகக் கத்தியது என்று உனக்கு முன்பே தெரியுமா என்று கேட்டேன். "தெரியும்க்கா. எங்க கேட்டுகிட்ட எத்தனை பூனை பாத்திருக்கேன்" என்றார். பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க அப்படிச் சொல்லும்போது நான் என்னத்தச் சொல்றது" என்றார். நான் படியேறிப் போய்விட்டேன்.

அதன்பிறகு டாக்டரம்மா சொன்னபடி எல்லா ஜன்னலையும் சாத்தினேன். ஓட்டலிலிருந்து கழித்துப்போட்ட தடித்த துண்டை வெந்நீரில் பிழிந்து சுற்றிக்கொடுத்தால் கொஞ்ச நேரம் அடங்கும். வேலைக்குப் போகும்போது ரேடியோவைப் போட்டுவிட்டுப் போவேன். மதில்மேல் இருந்த மூன்றில் சின்னது இரண்டும் போய்விட்டன, காது கிழிந்த பெரிய கடுவன் மட்டும் போகவில்லை. கீழ்வீட்டுக்காரர் அதற்குச் சூப்பர்வைசர் என்று பெயர் வைத்தார். "எங்க ஆள் மாதிரியேக்கா, ஒரு வேலையும் கெடையாது, ரவுண்ட்ஸ் மட்டும் தவறாம வர்றான்" என்றார். கழியை எடுத்துக்கொண்டு அவரே அதைப் பல தடவை விரட்டியதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை நான் சிரித்தேன். சமையலறை ஜன்னலில் மட்டும் கதவு சரியாகச் சாத்தாது, கொசுவலைதான் இருந்தது. அது போதும் என்று இருந்துவிட்டேன்.

நேற்று மதியம் நான் சலவைக்கூடத்தில் இருந்தேன். என் வீட்டில் திருடன் என்று போன் வந்தது, ஓடி வந்தேன். நான் வரும்போது தெருவில் கூட்டம் நின்றது, கீழ்வீட்டுக்காரருக்கு உதடு கிழிந்திருந்தது, சட்டையில் பொத்தான் இல்லை, தம்பி அவர் கழுத்தைப் பிடித்திருந்தான். மேலே போய்ப் பார்த்தேன். சமையலறைக் கொசுவலை கீழ்ப்பக்கம் கிழிந்திருந்தது. அந்தக் கிழிசல் பூனை நகத்தால் ஆனது, கத்தியால் ஆனதில்லை, வலையில் கடுவன் மயிர் ஒட்டியிருந்தது. ஜன்னலில் சப்பாத்திக்கட்டையும் அரிசி டப்பாவும் உள்பக்கமிருந்து அடைகொடுத்து வைத்திருந்தது. பீரோ திறக்கவில்லை. ஒரு பொருளும் குறையவில்லை. இவ்வளவும் நான் கண்ணால் பார்த்தது.

கேட்டது இது. கீழ்வீட்டுக்காரர் தூங்கிக்கொண்டிருக்கும்போது மேலே இரண்டு பூனைக் குரல் கேட்டிருக்கிறது. கடுவன் உள்ளே போய்விட்டது என்று தெரிந்து, வெளிப்படி வழியாக ஏறி, கிழிசலில் கைவிட்டு வலைச் சட்டத்தின் கொக்கியை எடுத்து ஜன்னல் வழியாக உள்ளே இறங்கி அதை விரட்டியிருக்கிறார். கையில் முழங்கை வரை பிறாண்டல் இருக்கிறது, ஐயா பார்க்கலாம். அதன்பிறகு மேடம் அதன் பின்னாலேயே ஓடப் பார்த்திருக்கிறது. மகள் அறையில் கைக்குக் கிடைத்த துணியை எடுத்து அதில் சுற்றிப் பிடித்துக்கொண்டார். அது மகளுடைய மஞ்சள் சால்வை. ஜன்னலுக்கு அடைகொடுத்துவிட்டு, நான் வரும்வரை காவல் இருக்கலாம் என்று சமையலறைத் தரையில் உட்கார்ந்திருக்கிறார். சால்வைக்குள் மேடம் அடங்கிவிட்டது. அத்தனை நாளில் முதல் தடவையாக வீட்டில் சத்தம் இல்லை. அவர் அப்படியே தூங்கிவிட்டார்.

தம்பி சாவி போட்டுத் திறந்து உள்ளே வந்தபோது அவர் தரையில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார் என்றும், பூனை அவர் நெஞ்சின்மேல் தூங்கிக்கொண்டிருந்தது என்றும் தம்பியே ஒத்துக்கொண்டான். மரித்துப்போன பிள்ளையின் சால்வையை வேற்று ஆள்மேல் பார்த்ததும் தனக்குக் கண்மண் தெரியவில்லை என்றான். அது உண்மையாகத்தான் இருக்கும், அவளைத் தோளில் தூக்கி வளர்த்தவன் அவன். ஆனால் தம்பி எதற்கு வந்தான் என்பதையும் சொல்ல வேண்டும். டீச்சர் போன் போட்டு, அக்கா பூனையோடு சேர்ந்து பித்துப்பிடித்தவள்போல் இருக்கிறாள் என்று சொன்னதால், நான் இல்லாத நேரம் பார்த்துப் பூனையைத் தூரத்தில் கொண்டுபோய் விட வந்திருக்கிறான். கையில் சாக்கும் கயிறும் கொண்டுவந்திருந்தான். அந்தச் சாக்கை நான் சமையலறையில் பார்த்தேன். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை.

எழுத்தர் என்னிடம், "சாவி நீங்கதான் குடுத்தீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா இங்கேயே முடிஞ்சிரும்மா" என்று நல்ல மனதோடு சொன்னார். நான் சாவி கொடுக்கவில்லை. உள்ளே வரச்சொல்லவும் இல்லை. அவர் என்னைக் கேட்டிருந்தால் மகள் அறைக்குள் போகாதே என்றுதான் சொல்லியிருப்பேன். சாவி இல்லாமல்தான் போனேன் என்று அவர் ஐயாவிடம் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறார். நான் கொடுத்தேன் என்று சொன்னால் அவர் சொன்னது பொய்யாகிவிடும். அவர் என் வீட்டிலிருந்து எதையும் எடுக்கவில்லை. எனக்கு அவர்மேல் புகார் எதுவும் இல்லை. வீடு என்னுடையது, தம்பியுடையது இல்லை.

மஞ்சள் சால்வையைக் கைப்பற்றிய பொருள் என்று மேசைமேல் வைத்திருக்கிறார்கள். அதில் அவர் கை ரத்தம் பட்டிருக்கிறது. ரத்தம் காய்ந்து நாளானால் கறை நின்றுவிடும், பச்சைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும், வெந்நீர் ஆகாது. ஆகையால் அதை இன்றைக்கே கொடுத்தால் இன்றைக்கே துவைத்துவிடுவேன்.

தம்பியிடம் இருந்த சாவியை ஐயா முன்னிலையில் கேட்டு வாங்கினேன், அவனும் கொடுத்தான். அதில் மகள் கோத்த சின்ன மணி ஒன்று இருக்கிறது. அதைக் கீழ்வீட்டுக்காரரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "வேணாம்க்கா. இந்த மணிச் சத்தம் படியில கேட்டாத்தான் பாப்பா வந்திருச்சு, நாம டூட்டிக்குக் கெளம்பணும்னு எந்திரிப்பேன்" என்றார். "இப்ப யாரு வந்து எழுப்புறா, புடி" என்றேன். வாங்கிக்கொண்டார். நாளை மறுநாள் ஆபரேஷனுக்குக் கூடையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும், தம்பி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். ஆபரேஷன் முடிந்து நான் வேலைக்குப் போகிற பகலில் மேடத்தை இவர் திறந்து பார்த்துக்கொள்வார். நேற்று நான் அனுமதி கொடுக்கவில்லை என்பது உண்மை. இன்றைக்குக் கொடுத்திருக்கிறேன் என்பதும் உண்மை. இரண்டையும் எழுதிக்கொள்ளவும்.

எழுதியதை எழுத்தர் நிறுத்தி நிறுத்தி வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னதற்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை. ரேகை வேண்டாம், கையெழுத்தே போடுகிறேன்.

(ஒப்பம்)